ஏழு நொடி

அக்டோபர் 3, 2011, திங்கள்

இன்று முதலாளி கென் ஒரு தண்டனையைப் பரிசு மாதிரி நீட்டினார். இந்த மாதக் கடைசியில் நம் விளையாட்டு வானொலி நிலையத்துக்கு இருபது வயதாகிறதாம். முதல் நாளிலிருந்து இருப்பவள் நான் என்பதால், வரலாற்றை ஒரு மணி நேர நிகழ்ச்சியாக நான்தான் தொகுக்க வேண்டுமாம். முதல் நாளிலிருந்து டொம்மும்தான் இருக்கிறார். ஆனால் டொம் மைக்கில் பேசுகிறவர். பேசுகிறவர்களிடம் வேலை கொடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வெஸ்ட் ஆல்டனோடு நம் பள்ளி அணியின் அமெரிக்க ஃபுட்பால் மோதல். எங்கள் கெல்ஸ்பர்க்காரன் கல்யாண நாளை மறப்பான், அந்த ஆட்டத்தை மறக்க மாட்டான். அன்று மட்டும் நிலையம் முழுவதும் பள்ளி மைதானத்தின் கிழக்கு கேலரியில் உட்கார்ந்து ஒலிபரப்பும். அதற்கு முன் என் வரலாறு.

பாய்லர் அறையில் பதினான்கு பெட்டி கேசட். 1997ஐ எலி தின்றுவிட்டது. நல்லதுதான். அந்த வருடம் நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

அக்டோபர் 5, புதன்

முதல் நாள் கேசட் கிடைத்தது. அதுவரை போல்கா பாட்டும் பன்றி விலையும் சொல்லிக்கொண்டிருந்த நிலையம். கடைசி போல்கா தட்டை எடுத்து உறையில் போட்டது நான்தான். டொம் மைக்கைப் பிடித்து, “இனிமே இங்க விளையாட்டு மட்டும்தான். கூப்பிடுங்க, சண்டை போடுங்க” என்கிறார். முப்பது வயதுக் குரல், கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாற்பது நிமிடம் ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு பெண்: “போல்கா எங்கப்பா போச்சு?” டொம் அவளோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். கடைசியில் அவள், “சரி விடு, இந்த வருஷம் நம்ம பசங்க எப்படி?” என்கிறாள். எங்கள் நிலையம் அப்படித்தான் பிறந்தது.

அடுத்து 1994. இடி பிறந்த கேசட். “வெஸ்ட் ஆல்டன்காரன் மூணாவது முயற்சிக்கு வந்தான்னா, கிழக்கு கேலரில இருக்குற எல்லாரும் எழுந்து ரெண்டு காலாலயும் குதிங்க. இரும்பு கேலரி அது. அவன் பேரு அவனுக்கே கேக்கக்கூடாது.” மூன்றாவது முயற்சி தவறினால் பந்து அநேகமாக நம் கைக்கு வந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை மூவாயிரம் பேர் குதித்தார்கள். எதிரணிப் பையன் பந்தைக் கீழே போட்டான். பதினேழு வருடமாக எங்கள் ஊரில் அதற்குப் பெயர் இடி. ஃப்ளோரிடாவுக்குக் குடிபோன கிழவர்கள்கூட ஆட்ட நாளில் தொலைபேசியில் கூப்பிட்டு, “லைன அப்படியே வெச்சிரு ராக்ஸி, இடிய கேட்டுட்டு வெச்சிடறேன்” என்பார்கள்.

இடிதான் நிகழ்ச்சியின் உச்சம். எழுதிவைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, சனி

ஒரு கேசட்டை மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். உட்கார்ந்து எழுதுகிறேன்.

’99 அக்டோபர் என்று போட்ட கேசட். முதலில் அது என்ன கேசட் என்று எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்கே குழம்பக் கூடாது. எங்கள் நிலையத்தில் பேசுவது எதுவும் உடனே ஊருக்குப் போகாது. தாமதப் பெட்டி ஒன்று எல்லாவற்றையும் ஏழு நொடி பிடித்துவைத்துவிட்டுத்தான் வெளியே விடும். அழைப்பவன் கெட்ட வார்த்தை பேசினால் நான் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். கடைசி ஏழு நொடி காணாமல் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டொம் முன்னாலும் ஒரு பொத்தான் உண்டு, ஆனால் அவர் தொட்டதே இல்லை. பொத்தான் என் வேலை. ஆனால் பாய்லர் அறைக் கேசட்டுகள் தாமதப் பெட்டிக்குள் போகும் முன்பே பதிவானவை. வெட்டியதும் அதில் இருக்கும்.

ஆறாம் வார்டு எமில். அந்தக் காலத்தில் வாரத்துக்கு மூன்று தரம் கூப்பிடுவார். எமில் ஸாபோ, வெல்டர். வாயைத் திறந்தால் கழிவுநீர்தான், ஆனால் ஃபுட்பால் தெரிந்தவர். கேசட்டில் அவர் சொல்கிறார்:

“டொம், எல்லாரும் இடி இடின்னு குதிக்கிறீங்களே... பதினோராவது தூண்ல ப்ளேட்டு துருப்பிடிச்சு உதிருது, நாலு போல்ட்டுல ரெண்டு இல்ல, அந்த —— கேலரி ஒரு நாளு—”

டக்.

அந்த ‘டக்’ என் விரல். பிறகு டொம் சிரிக்கிறார்: “எமிலுக்கு இன்னிக்கு மதியமே ஏறிருச்சு. அடுத்த லைன்ல யாரு?”

அந்த நாளின் வெளியே போன ஒலிப்பதிவையும் தேடி எடுத்துப் போட்டேன். ஊர் கேட்டது இவ்வளவுதான்: “டொம், எல்லாரும் இடி இடின்னு குதிக்கிறீங்களே...” உடனே டொம்மின் சிரிப்பு.

எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேரை வெட்டுவேன். காது வார்த்தையைக் கேட்கும், கை அழுத்தும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. ஆறாம் வார்டு எமில் அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை. அவரைக் காணோமே என்று நான் ஒரு நாளாவது நினைத்தேனா?

பன்னிரண்டு வருடம். யாராவது சரி செய்திருப்பார்கள். செய்திருப்பார்கள்தானே?

அக்டோபர் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கார்லை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கேலரியின் அடிப்பக்கம் போகும் கதவில் பூட்டு. வெளியே சுற்றிவந்து தூண்களை எண்ணினேன். மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து. அதற்கப்புறம் பதினான்குதான் தெரிகிறது. நடுவில் நீளமாக ஒரு பேனர், திருகாணி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது. நம் நிலையத்தின் பேனர். டொம்மின் முகம், பக்கத்தில் ‘இடி இங்கேதான்’.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் தூணை முகத்தால் மறைத்திருக்கிறோம்.

கார்ல் பேனரைத் தட்டிப் பார்த்தார். “இவ்ளோ வருஷம் நின்னுது. இன்னும் மூணு வாரம் நிக்காதா? எமிலுக்கு எதுல குறை இல்ல சொல்லு. சூப்புல உப்பு இல்லேன்னாலும் ரேடியோவுக்குக் கூப்பிட்ட ஆளு.”

கார்லின் இடம் இருபத்திரண்டாவது வரிசை. பத்தாவது தூணுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே. முப்பது வருடமாக அதே இடம்.

அக்டோபர் 11, செவ்வாய்

கென்னிடம் சொன்னேன். கேசட்டையும் போட்டுக் காட்டினேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது, உடனே முதலாளி முகமாகிவிட்டது.

“பள்ளிக்கூடம் வருஷா வருஷம் சோதிக்குது, ராக்ஸி. காகிதம் இருக்கும். ஒரு குடிகாரன் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னத வெச்சு நான் என்ன பண்ணட்டும்? நம்ம பிறந்தநாளு நடக்கப்போற இடம் அது.”

பள்ளியின் விளையாட்டு அதிகாரி டெல் வாகன் என்பவரைக் கூப்பிட்டேன். தேனாகப் பேசினார். “கவலையே படாதீங்க மேடம். போன கோடையிலதான் முழுசும் பெயிண்ட் அடிச்சோம்.”

“பெயிண்டுக்கு முன்னாடி பார்த்தீங்களா?”

“பெயிண்ட் அடிக்கிறவங்க பார்த்திருப்பாங்கல்ல?”

நான் தொலைபேசியை வைத்த சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கும். மாவட்டக் கட்டட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை குத்திக் கொடுத்த பெண் சொன்னாள், முப்பது வேலை நாளுக்குள் பதில் வரும். முப்பது வேலை நாள் என்றால் நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவித்தல் நாளே தாண்டிவிடும்.

அக்டோபர் 14, வெள்ளி

சொந்த மைதானத்தில் ஆட்டம். நான் மேற்குப் பக்க ஒலிபரப்புக் கூண்டில். எதிரே கிழக்கு கேலரி நிறைந்திருக்கிறது.

எதிரணி ஒன்பது தரம் மூன்றாவது முயற்சிக்கு வந்தது. ஒன்பது இடி. முன்பெல்லாம் அந்தச் சத்தம் வந்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். இன்று ஒவ்வொரு இடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒன்றாக எழுகிறார்கள், ஒன்றாக இறங்குகிறார்கள். கைப்பிடிக் கம்பிகள் ஆடுவது இவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது. எப்போதும் ஆடுமா? இல்லை, இன்றுதான் பார்க்கிறேனா?

கார்ல் குதித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். பாவி மனுஷன். வீட்டுக்கு வந்ததும், இனி அங்கே உட்காரக் கூடாது என்று கத்தினேன். “நான் இல்லாட்டி அது விழாம இருக்குமா?” என்கிறார். 

அக்டோபர் 17, திங்கள்

எமில் ஸாபோ உயிரோடிருக்கிறார். ஆறாம் வார்டில், அதே வீடு. எழுபத்து நான்கு வயது. கதவைத் திறந்து என் பேரைக் கேட்டதும் அரை நிமிடம் பார்த்தார்.

“ஏம்மா, பன்னெண்டு வருஷம் லைன்ல காக்க வெச்சிட்டு இப்பதான் எடுக்கிறியா?”

சிரிக்கட்டுமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

சமையலறையில் உட்காரவைத்தார். அந்த வருடம் கோடையில் கைப்பிடிக் கம்பி ஒட்டவைக்கக் கேலரிக்கு அடியில் போயிருக்கிறார். மழைநீர் வடிகால் உடைந்து தண்ணீர் நேராகப் பதினோராவது தூணின் அடியில் கொட்டிக்கொண்டிருந்ததாம். பள்ளியில் சொன்னார், “பார்க்கிறோம்” என்றார்கள். தன் எஃகு ஆலை மேஸ்திரியிடம் சொன்னார், சிரித்தான். கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்.

“ரேடியோல சொன்னா ஊரே கேக்கும்னு நெனச்சேன். ஊரு கேட்டுச்சு, என்னப் பாத்து டொம் சிரிச்சத. அன்னிக்கு பார்ல நுழைஞ்சதும் எல்லாரும், ‘என்ன எமிலு, மதியமே ஏறிருச்சா’ன்னாங்க. நான் அன்னிக்கு ஒரு சொட்டு குடிக்கல.”

“என்னை மன்னிச்சிடுங்க” என்றேன். சின்ன வார்த்தைதான். 

“நீ வார்த்தைய வெட்டுன. அது உன் வேலை. ஆனா அதுக்கப்புறம் ஒரு தரம் திருப்பிக் கூப்பிட்டு, ‘எமில், என்ன சொல்ல வந்தே’ன்னு கேட்டிருக்கலாம்ல? என் நம்பர்தான் உங்கிட்ட இருந்துச்சே.”

இருந்தது. அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

புதன்கிழமை நிகழ்ச்சிக்கு வந்து பேசுகிறீர்களா என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். “நான் பேசுனா அந்த வார்த்தை வரும். வந்தா நீ அமுக்குவ. ஒரு தரம் போதும்மா.” தன் மகளையோ பேரப் பிள்ளைகளையோ அந்தக் கேலரியில் கால் வைக்கவிட்டதே இல்லையாம். ஊர்க்காரர்கள் அவர்களை வெஸ்ட் ஆல்டன் ஆட்கள் என்று கேலி செய்வார்களாம்.

அக்டோபர் 19, புதன்

டொம்மிடம் சொல்லிவிட்டேன். நிகழ்ச்சிக்கு முன், ஒலிப்பதிவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. கேசட்டை முழுதாகக் கேட்டார். தன் சிரிப்பு வந்த இடத்தில் காதொலிப்பானைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என்ன பண்ணச் சொல்ற?”

“குதிக்காதீங்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. நீங்க சொல்லித்தான் குதிச்சாங்க.”

“ராக்ஸி, என் கல்லறையில எழுத எங்கிட்ட இருக்குறது ஒண்ணே ஒண்ணு. இடி. வேற என்ன சாதிச்சேன் நான்? பெரிய ஊருக்குப் போனேனா? டி.வி.க்குப் போனேனா? அதையும் எடுத்துட்டு, நான் இத்தன வருஷமா ஜனங்கள சாவு மேல குதிக்க வெச்சேன்னு நானே சொல்லணுமா?”

“சொல்லாம விழுந்துட்டா?”

“விழாது!”

கத்திவிட்டார். டொம் என்னிடம் கத்தியதே இல்லை. மூன்று மணிக்கு மைக் திறந்ததும் எதுவும் நடக்காத மாதிரி அதே குரல், அதே ஜோக். கண்ணாடி வழியாக என்னை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம்.

அக்டோபர் 21, வெள்ளி

வெளியூர் ஆட்டம். ஜெயித்தோம். இன்று நன்றாகத் தூங்குவேன் — அங்கே கல் கேலரி.

அக்டோபர் 24, திங்கள்

கென் சிரித்த முகத்தோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சத்தம் அளக்கும் கருவி. விளம்பரதாரர் ஒருவர் கொடுத்தாராம். வெள்ளிக்கிழமை இடியை அளந்து ஊரின் சாதனையாக அறிவிக்கப்போகிறார்கள். நிலையத்தின் பிறந்தநாள் இடி. இன்று முதல் தினமும் ஆறு தரம் விளம்பரம்: ‘உன் காலைக் கொண்டு வா.’

கேலரியின் முன்னால் கூடுதலாக நான்கு வரிசை நாற்காலி போடுகிறார்களாம்.

விளம்பரத்தை இயக்குவது யார்? நான். ஆறு தரம். என் கையால.

அக்டோபர் 25, செவ்வாய்

கட்டட அலுவலகத்தை மறுபடி கூப்பிட்டேன். கடிதம் ‘வரிசையில்’ இருக்கிறதாம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டேன். “டொம் பேசுவாரா? பேசினா போடுறோம்.” எல்லாச் சாலையும் டொம் வாயில்தான் போய் முடிகிறது.

கரடியாய்க் கத்தினாலும் கேட்க ஆளில்லை. ஆனால் என்னிடம் ஒன்று இருக்கிறது. தினமும் நாலே காலுக்கு ‘அந்த நாள் அழைப்பு’ என்று பழைய கேசட்டிலிருந்து ஒரு துண்டு போடுகிறேன், பிறந்தநாளுக்காக. எதைப் போடுவது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.

அந்த வார்த்தையை என்ன செய்வது? அப்படியே போனால் நிலையத்தின் உரிமத்துக்கே கேள்வி வரும். அதை மட்டும் மழுப்பிவிடலாம், அரை நொடி வேலை. மழுப்பியும் பார்த்தேன். ஒரு ‘பீப்’. கேட்டால் மறுபடி ஒரு குடிகாரன் பேசுகிற மாதிரியே இருக்கிறது. ஊர் மறுபடி சிரிக்கும்.

இல்லை. எமிலை இனி ஒரு எழுத்துகூட வெட்ட மாட்டேன்.

கார்லிடம் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவும்போது விரலை அறுத்துக்கொண்டேன். பொத்தான் அழுத்தும் அதே விரல்.

அக்டோபர் 26, புதன்

முடிந்தது.

நடந்தபடியே எழுதுகிறேன். நாலே கால். டொம், “இப்ப நம்ம ராக்ஸி தோண்டியெடுத்த அந்த நாள் அழைப்பு” என்றார். இன்றைக்கு அவர் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தரம். நான் ஓடவிட்டேன்.

“டொம், எல்லாரும் இடி இடின்னு குதிக்கிறீங்களே...”

டொம் தலையைத் தூக்கினார். கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தார். எமில் தொடர்கிறார். பதினோராவது தூண். ப்ளேட்டு. போல்ட்டு. அந்த வார்த்தை. கேசட்டில் ‘டக்’. டொம்மின் சிரிப்பு.

இனி ஏழு நொடி. ஊர் இன்னும் கேட்கவில்லை. எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. டொம் முன்னால் அவருடைய பொத்தான். அழுத்தினால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. கெட்ட வார்த்தை போயிருக்கிறது, வெட்டித்தான் ஆக வேண்டும், சட்டமே அதுதான். அவர் கை பொத்தானுக்குப் போனது. பொத்தானின் மூடியைத் திறந்தார். நான் என் கைகள் இரண்டையும் மேலே தூக்கிக் காட்டினேன். நான் தொட மாட்டேன், உங்கள் இஷ்டம்.

ஏழு நொடி இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

டொம் மூடியை மூடினார். கையை எடுத்துத் தன் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு மைக்கில்: “இப்ப நீங்க கேட்டது ஆறாம் வார்டு எமில். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. சிரிச்சது நான். எமில் அன்னிக்கு குடிக்கலையாம். பதினோராவது தூண் எம்மூஞ்சிக்குப் பின்னாடி இருக்கு. எவனாவது போயி என் மூஞ்சியக் கழட்டிட்டுப் பாருங்கய்யா. பாக்குற வரைக்கும் ஒருத்தரும் குதிக்காதீங்க. இடிய ஆரம்பிச்சவன் சொல்றேன்.”

எட்டு லைன்களின் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. கென் ஓடிவந்தார். முகம் பீட்ரூட். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். எதற்கு? கெட்ட வார்த்தையை வெளியே விட்டதற்கு. கேலரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவந்தேன்.

அக்டோபர் 27, வியாழன்

காலையில் தீயணைப்புத் தலைவர் ஒலெக்ஸா ஒரு பொறியாளரோடு மைதானத்துக்குப் போனாராம். நேற்றுக் காரில் கேட்டுக்கொண்டிருந்தாராம். பேனரைக் கழற்றினார்கள். கார்ல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“அந்தாளு திருப்புளிய வெச்சு பெயிண்ட சுரண்டுனாரு. சுரண்டக்கூட வேணாம் ராக்ஸ், திருப்புளி உள்ள போயிருச்சு. கைப்பிடி வரைக்கும். பன்னெண்டுலயும் அதே. பதிமூணுலயும்.”

பிறகு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.  

கேலரிக்குப் பூட்டு. ஒரு பக்கம் மட்டும் வைத்து இந்த ஆட்டத்தை நடத்த முடியாதாம். சனிக்கிழமை மதியம் நடக்கும். எங்கே? வெஸ்ட் ஆல்டன் மைதானத்தில். எங்கள் சொந்த ஆட்டம், அவர்கள் மண்ணில். எங்கள் டிக்கெட்டில் பாதிதான் அங்கே செல்லும்.

மாலைக்குள் வீட்டுக்கு இருபத்தாறு அழைப்பு வந்தது. நான்கு பேர் நன்றி சொன்னார்கள். ஒருத்தன், “ஆட்டம் முடிஞ்சப்புறம் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றான். அவனும் இருபத்திரண்டாவது வரிசைதான். குரல் தெரியும்.

அக்டோபர் 29, சனி

இருபது வருடத்தில் முதல் தரமாக நம் நிலையத்தை வெளியிலிருந்து கேட்டேன். சமையலறை ரேடியோ, இரண்டு மணி. கார்லுக்கு டிக்கெட் இருந்தது, போகவில்லை. “நீ இல்லாம எதுக்கு” என்றார். பொய். என்மேல் இன்னும் கோபமா, இல்லை பயமா, தெரியவில்லை.

என் வரலாற்று நிகழ்ச்சியைக் கென் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மணி நேரம் போல்கா போட்டார். கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன். நல்லாத்தான் இருந்துச்சு, சனியன்.

ஆட்டத்தில் டொம்மின் குரல் கம்மியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்து, “இடி எங்கடா? இடி எங்கடா?” என்று கத்துவது பின்னணியில் கேட்டது. கடைசிப் பகுதி, மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம். எதிரணி மூன்றாவது முயற்சிக்கு வந்தது. டொம் மைக்கில் நிறுத்தினார். ஒரு மூச்சு இழுப்பது கேட்டது.

“கெல்ஸ்பர்க்,” என்றார். “நீங்க இப்ப எங்க இருக்கீங்களோ, அங்கயே. உங்க வீட்டுத் தரை. அது தாங்கும்.”

கார்ல் எழுந்தார். அறுபது வயது மனிதர், காலுறையோடு. குதித்தார். கோப்பைகள் ஆடின. நானும் குதித்தேன். பிறகு அவர் கையைத் தூக்கி, இரு என்றார். பக்கத்து வீட்டில் கேட்டது. எதிர்வீட்டு மர முகப்பில் கேட்டது. கீழ்த்தெருவில் எங்கோ தகரத்தைத் தட்டினார்கள். தெரு முழுக்க, ஒவ்வொரு வீடாக.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த முயற்சி ஏழு நொடிக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கார்லுக்கும் தெரியும். நாங்கள் குதித்தோம்.

தோற்றோம். 20–17.

நவம்பர் 10, வியாழன்

கேலரியைப் பிரிக்கிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் கார்ல் நேராகவே கேட்டாராம், அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆகியிருக்கும் என்று. “தாங்கியிருக்கலாம். தாங்காமயும் போயிருக்கலாம். நான் அதுமேல எம்பொண்டாட்டிய உக்கார வெக்க மாட்டேன்” என்றாராம். ஊரில் பாதிப் பேர் முதல் வாக்கியத்தைச் சொல்லித் திரிகிறார்கள், மீதிப் பேர் இரண்டாவதை. எனக்கு வாழ்நாள் முழுவதும் தெரியப்போவதில்லை. பரவாயில்லை. தெரியாமல் இருப்பதே மேல்.

நவம்பர் 14, திங்கள்

கென் கூப்பிட்டார். நாளை முதல் வரலாமாம். ராக்ஸி இல்லாமல் இனி மைக்கைத் தொட மாட்டேன் என்று டொம் சொன்னாராம். “அந்தப் பொத்தான இனிமே ஒழுங்கா அமுக்குவியா?” என்று கேட்டார். அமுக்குவேன் என்றேன்.

நவம்பர் 15, செவ்வாய்

நாற்காலியை யாரோ உயரம் மாற்றியிருக்கிறார்கள். சரி செய்யவே பத்து நிமிடம். டொம் கண்ணாடி வழியாகக் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு.

நாலு மணிக்கு மூன்றாவது லைன் எரிந்தது. எடுத்தேன்.

“ஆறாம் வார்டு எமில்.”

நான் எதுவும் கேட்கவில்லை. லைனை டொம்மிடம் தள்ளிவிட்டேன். டொம், “சொல்லுங்க எமில்” என்றார், அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. எமில் கேலரி பற்றிப் பேசவேயில்லை. வெஸ்ட் ஆல்டன் ஆட்டத்தில் நம் பந்து வீசுகிற பையன் எப்படிச் சொதப்பினான் என்பதுதான். இடது கால் தப்பு, தோள் தப்பு, பயிற்சியாளர் ஒரு ——

அமுக்கினேன். கை தானாகப் போகவில்லை. நான் யோசித்துத்தான் அமுக்கினேன்.

டொம் விளம்பரத்துக்குப் போனார். நான் மூன்றாவது லைனை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“அமுக்கிட்டியா?” என்றார் எமில்.

“அமுக்கிட்டேன். வெச்சிடாதீங்க. விளம்பரம் முடிஞ்சதும் மறுபடி தர்றேன். அந்த வார்த்தை இல்லாம இன்னொரு தரம் சொல்லுங்க.”

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்.

“இருக்கேன்” என்றார்.